பல்கலைக்கழகத்தின் கவனயீனத்தால் பிள்ளைக்கு அடிபட்டால்: வன்னிக் குடும்பம் ஒன்றுக்கு இருக்கும் வழிகள்

ஒட்டுசுட்டானில் அக்கா வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு நீலப் பைல் இருக்கிறது. அதைத் திறந்தால் முதலில் வருவது பல்கலைக்கழக விடுதி ஒன்றின் முறைப்பாட்டுக் கொப்பிப் பக்கத்தின் படம். போனில் எடுத்து, கடையில் கொடுத்துக் கலரில் அடித்தது. கோடு போட்ட பக்கம், இடது ஓரத்தில் திகதிகள். நடுவில் சிங்களத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே ஐந்தாறு பதிவுகள் தள்ளித் தமிழில் ஒரு வரி: "பின்பக்க வடிகான் மூடி வெடித்திருக்கிறது, மாற்றித் தரவும்." இரண்டுக்கும் பக்கத்தில் விடுதிப் பொறுப்பாளரின் சிறு கையெழுத்து.

அந்தத் தமிழ் வரி எழுதி ஏழு மாதம் கழித்து, மாரி மழை விட்ட ஒரு பின்னேரம், கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கப் போன அக்காவின் மகள், என் பெறாமகள், அந்த மூடியில் கால் வைத்தாள். மூடி இரண்டாகப் பிளந்தது. கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்து, தகடு வைத்து ஆணி போட வேண்டி வந்தது. ஐந்து மாதம் ஊன்றுகோலோடு நடந்தாள். ஒரு அரையாண்டுப் பரீட்சை போயிற்று. அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை, சரி. ஆனால் அக்கா அங்கே அறை எடுத்து நின்றது, விரிவுரைக்கு ஓட்டோவில் போய் வந்தது, உடற்பயிற்சிச் சிகிச்சை, விடுதியில் ஒரு வருடம் கூட இருந்தது என்று கணக்கு ஏறிக்கொண்டே போனது. முத்துஐயன்கட்டுத் தண்ணியில் வயல் செய்கிற அத்தான் இரண்டு பசுவில் ஒன்றை விற்றார்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. வழக்கு நடக்கிறது, அதற்கு மேல் சொல்வது முறையும் இல்லை. ஒரு அரச பல்கலைக்கழகம், வன்னிக்கு வெளியே. நான் சட்டத்தரணியும் அல்ல. ஆனால் இந்த அலைச்சலில் நாங்கள் கேட்டும் படித்தும் பிழை விட்டும் தெரிந்துகொண்டவை இன்னொரு வீட்டுக்கு உதவும். "இப்படி நடந்துபோச்சு, எங்க போறது?" என்று கேட்டு என்னிடம் இதுவரை மூன்று குடும்பங்கள் வந்துவிட்டன.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நாள்கணக்கு இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். பல்கலைக்கழகத்தின் உள்விசாரணை எவ்வளவு நாள் இழுத்தாலும் இந்த இரண்டு கணக்கும் அதற்காக நிற்காது. எங்கள் வீட்டில் முதல் 24 நாள் "அவங்கள் விசாரிக்கிறாங்கள் தானே" என்று சொல்லியே கழிந்தது.

பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கேட்பது

எல்லாரும் இங்கேதான் தொடங்குவார்கள். பிள்ளை விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லும், அவர் பீடாதிபதியிடம் சொல்வார், பீடாதிபதி பதிவாளருக்கு எழுதுவார், ஒரு குழு போடுவார்கள். இதில் செலவில்லை, பிள்ளைக்கும் அங்கே படிப்பைத் தொடர்வது லேசு. நலன்புரி நிதியில் ஏதாவது கிடைக்கலாம். பரீட்சையைத் திரும்ப எழுதுவது, வரவுக் குறைவை மன்னிப்பது, கீழ்மாடியில் அறை மாற்றித் தருவது போன்றவற்றை இந்த வழியில் மட்டும்தான் கெதியாக வாங்கலாம். நீதிமன்றம் போய் இவற்றைக் கேட்பதில் அர்த்தமில்லை.

ஆனால் தன் கவனயீனத்தைத் தானே விசாரிக்கிற இடம் அது. எங்களுக்கு எட்டு மாதமாக "விசாரணை நடைபெற்று வருகின்றது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்குக் கூப்பிட்டு 25,000 ரூபா உதவிப் பணம் என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். கடைசி வரியில், இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று இருந்தது. அத்தான் பேனாவை எடுத்துவிட்டார். பிள்ளைதான், "அப்பா, பொறுங்கோ, வாசிச்சிட்டு" என்று படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். பிறகு சட்டத்தரணியிடம் கேட்டபோது, அந்த வரியை வெட்டி, "என் சட்ட உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று எழுதித்தான் கையெழுத்து வைக்கலாம், அதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் பணம் வேண்டாம் என்றார். அவர்கள் சம்மதிக்கவில்லை. பணத்தை விட்டுவிட்டோம்.

கடிதம் பிள்ளையின் பெயரில், பிள்ளையின் கையெழுத்தோடு போக வேண்டும் என்பதும் எங்களுக்கு முதலில் தெரியாது. 18 வயது முடிந்தவருக்கு அவர்தான் வழக்காளி. எங்கள் ஊரில் அப்பாதான் எழுதுவார், அப்பாதான் போவார். துணைக்குப் போகலாம், உரிமை பிள்ளையுடையது.

பொலிஸில் என்ட்ரி போடுவது

இதைத் தனி வழியாகப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றுக்கும் அத்திவாரமாகப் பாருங்கள். கவனயீனமான செயலால் காயமோ மரணமோ ஏற்படுத்துவது தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். மரணம் என்றால் 298ஆம் பிரிவு. ஆனால் உடைந்த வடிகான் மூடிக்காக ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கடினம். எந்தத் தனி ஆள், எந்தச் செயல் என்று நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் காட்ட வேண்டும். என்ட்ரியால் வேறு நன்மை இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்பது அன்றைய திகதியோடு ஒரு அரச புத்தகத்தில் பதிவாகிறது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் பொலிஸ் வழியாகவே அனுப்புவார்கள். இரண்டு வருடம் கழித்து "அவள் பஸ் ஸ்ராண்டில விழுந்தவள்" என்று யாராவது சொன்னால், அந்த இரண்டு தாளும்தான் பதில். ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையில் விழுந்த இடமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவும் உயர் நீதிமன்றமும்

அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனு நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அரச பல்கலைக்கழகம் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குவது. அதன் செயல்கள் நிர்வாகத் துறைச் செயலாகவே பார்க்கப்படுகின்றன, அதனால் இந்தக் கதவு திறந்திருக்கிறது. வெற்றி கிடைத்தால் நட்டஈடு மட்டுமல்ல, "உரிமை மீறப்பட்டது" என்ற பிரகடனமும் கிடைக்கும். நிறுவனத்தின் நடைமுறையை மாற்றச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு முடியும். ஒரே மட்டத்தில் முடிகிறது, மேல்முறையீட்டு இழுபறி இல்லை.

செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் உரிமை மீறலாகலாம் என்பதற்குப் பெரிய உதாரணம் 2023 ஜனவரி 12ஆம் திகதி வந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் தீர்ப்பு. முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கவில்லை என்பதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. முன்னாள் பொலிஸ் மா அதிபருக்கும் முன்னாள் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளருக்கும் 7.5 கோடி வீதம். எச்சரிக்கை கையில் இருந்தும் அசையாமல் இருந்தார்கள் என்பதுதான் அங்கே மையம்.

எங்கள் கொப்பிப் பக்கமும் ஒரு எச்சரிக்கைதானே என்று நான் கேட்டேன். சட்டத்தரணி பொறுமையாக விளக்கினார். நூற்றுக்கணக்கான உயிர்ப் பாதுகாப்பும் ஒரு வடிகான் மூடியும் ஒன்றல்ல. 12(1)ஆம் உறுப்புரை சொல்வது சட்டத்தின் முன் சமத்துவமும் சமமான பாதுகாப்பும். வெறும் கவனயீனத்தை அதற்குள் கொண்டுவருவது பாரமான வேலை. சிங்கள மாணவிகளின் விடுதியைத் திருத்தி இதை விட்டார்கள், முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்கினார்கள், பகிடிவதை என்று தெரிந்தும் நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தது, தண்டனைபோலக் கொடூரமாக நடத்தினார்கள் என்று ஏதாவது இருந்தால் இந்த வழி பலமானது. அப்படி எதுவும் இல்லாமல் மூடி உடைந்தது மட்டும் என்றால் பலவீனமானது.

அதோடு ஒரு மாதம். ஒட்டுசுட்டானில் இருக்கும் குடும்பம் பிள்ளையின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு மாதத்துக்குள் கொழும்பில் சட்டத்தரணி பிடித்து, ஆங்கிலத்தில் மனுவும் சத்தியக் கடதாசியும் தயாரித்துப் போடுவது லேசல்ல.

இங்கேதான் மனித உரிமைகள் ஆணைக்குழு உதவுகிறது. அதன் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் தமிழில் எழுதி அங்கே கொடுக்கலாம். ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்வது இது: சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்திருந்தால், ஆணைக்குழுவில் விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டவேண்டும் என உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே இலக்கம் வாங்குங்கள், விசாரணைக்கு அழைத்த கடிதத்தை வைத்திருங்கள், கடிதம் வராவிட்டால் நீங்களே எழுதிக் கேளுங்கள்.

நாங்கள் 27ஆம் நாள் போனோம். நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா பஸ்ஸில் அத்தானும் நானும். அவருக்கு விருப்பமில்லை. "எத்தனை கொமிஷனுக்குப் பெயர் குடுத்தாச்சு" என்றார். 2010இல் வந்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு முதல் காணாமல் போனோர் அலுவலகம் வரை, அவர் தன் தம்பிக்காக எழுதிக்கொடுத்த தாள்கள் வீட்டில் இன்னொரு பையில் இருக்கின்றன. வன்னியில் ஆணைக்குழு என்ற சொல்லைக் கேட்டாலே சனம் முகத்தைத் திருப்புவதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன். ஆணைக்குழு பரிந்துரை செய்யலாம், கட்டாயப்படுத்த முடியாது என்பதும் உண்மை. அப்படியிருந்தும் போனது ஒரு மாதக் கணக்கைக் காப்பாற்றத்தான். அதைக் காப்பாற்ற முடிந்தது. இன்னொரு பலனும் கிடைத்தது: ஆணைக்குழு கேட்டபோது பல்கலைக்கழகம் எழுத்தில் பதில் கொடுத்தது. "குறித்த மூடி திருத்தப் பட்டியலில் இருந்தது" என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரியை எங்கள் சட்டத்தரணி சிவப்புப் பேனாவால் கோடிட்டு வைத்திருக்கிறார்.

தகவல் கேட்பது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், பதிவுத் தபால், அவ்வளவுதான். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் 3 கிழமைக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இது நட்டஈடு தராது. ஆனால் நட்டஈடு கேட்பதற்கு வேண்டிய ஆதாரம் பெரும்பாலும் எதிராளியின் அலுமாரிக்குள்தான் இருக்கிறது, இந்தச் சட்டம் அந்த அலுமாரியின் சாவி. எல்லாவற்றையும் தாருங்கள் என்று கேட்டால் கைவிரிப்பார்கள். திகதி குறித்து, பொருள் குறித்துக் கேட்க வேண்டும். இன்ன விடுதியின் முறைப்பாட்டுக் கொப்பி இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை, அந்தக் காலத்துத் திருத்த வேலை மதிப்பீடுகள், அந்த வேலை எந்தக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்கப்பட்டது, விசாரணைக் குழுவின் அறிக்கை. கண்காணிப்புக் கமராப் பதிவு இருக்கிற இடமென்றால் முதல் கிழமையிலேயே, அழிக்காமல் வைத்திருங்கள் என்று தனிக் கடிதம் எழுதிவிடுங்கள். அது தானாக அழிந்துகொண்டு போகும்.

அந்தக் கொப்பிப் படம் எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். பிள்ளையின் தோழி ஒருத்தி இரண்டாம் நாள் போய், கொப்பியைப் புரட்டி, படம் எடுத்து அனுப்பினாள். பத்தாம் நாள் அக்கா விடுதிக்குப் போனபோது மேசையில் புதுக் கொப்பி. பழையது முடிந்துவிட்டது என்றார்கள். முடிந்தும் இருக்கலாம். நாங்கள் தகவல் சட்டத்தில் பழைய கொப்பியைக் கேட்டோம், படமும் கையில் இருந்ததால் என்ன திகதி, எந்தப் பக்கம் என்று குறித்துக் கேட்க முடிந்தது. இல்லையென்று சொல்ல அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு

காசு வேண்டும் என்றால் இதுதான் நேர் வழி. இலங்கையில் கவனயீன வழக்கு உரோம டச்சுச் சட்டத்தின் வழியில் நடக்கிறது. கேட்கப்படுவது மூன்று: பாதுகாக்க வேண்டிய கடமை இருந்ததா, நியாயமான ஒருவர் எடுத்திருக்கக் கூடிய கவனத்தை எடுத்தார்களா, அதனால்தான் இழப்பு வந்ததா. நிரூபிப்பது வழக்காளியின் பொறுப்பு. ஆனால் குற்ற வழக்குப்போல அவ்வளவு இறுக்கம் இல்லை, எந்தப் பக்கம் நடந்திருக்கக்கூடியது என்று தராசு சாய்ந்தால் போதும். விடுதி ஊழியரின் தவறுக்கு வேலை கொடுத்த நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். செலவழித்த காசு, இழந்த வருமானம், இனி வரப்போகும் செலவு, அதோடு பட்ட வலிக்கும் கேட்கலாம்.

அரசை நேரடியாக எதிர்த்து நட்டஈடு கேட்க 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது, அந்த வழக்கில் எதிராளி சட்டமா அதிபர். பல்கலைக்கழகம் அப்படியல்ல. அது சட்டத்தால் உருவான தனி ஆள், தன் பெயரில் வழக்குப் போடும், தன் பெயரில் எதிராளியாகவும் நிற்கும். இதனால் பெயரைச் சரியாகப் போடுவது முக்கியம். பீடத்துக்கு எதிராகவோ விடுதிக்கு எதிராகவோ வழக்குப் போட முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்தில் ஒன்று நடந்தால் எதிராளி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். பம்பைமடுவில் என்றால் வவுனியாப் பல்கலைக்கழகம், அது 2021 ஆகஸ்ட் 1 முதல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனிப் பல்கலைக்கழகம். சட்டமா அதிபரையோ அரச அலுவலர் ஒருவரையோ அவருடைய பதவியின் பேரில் எதிராளியாக்குவதானால், குடியியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 461ஆம் பிரிவுப்படி ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். எங்கள் சட்டத்தரணி, வீண் வாதம் வரக்கூடாதென்று பல்கலைக்கழகத்துக்கும் அதே ஒரு மாதம் கொடுத்தே கோரிக்கைக் கடிதம் அனுப்பினார்.

காலம் இரண்டு வருடம். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம், 9ஆம் பிரிவு. 150 வருடத்துக்கு முந்திய இந்த வரி இன்றைக்கும் அப்படியே நிற்கிறது, ஒரு நாள் பிந்தினாலும் உரிமை போய்விடும். பேச்சுவார்த்தை நடந்தது, அவர்கள் தருகிறோம் என்றார்கள் என்பதெல்லாம் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

அவர்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள்? இருட்டில் போனாள், போனைப் பார்த்துக்கொண்டு நடந்தாள், மற்றப் பாதையால் போயிருக்கலாம். இவை வரும், வந்தன. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, பிள்ளையிலும் ஒரு பங்கு பிழை என்று கண்டாலும் வழக்கு முழுதாக விழாது, நட்டஈட்டில் அந்தப் பங்கு குறையும். அதே சட்டம் பல தவறாளிகளைச் சேர்த்து வழக்கிட வழிவிடுவதால், "அது கொந்தராத்துக்காரரின் வேலை" என்று அவர்கள் சொல்வார்கள் என்று தெரிந்தே இரண்டு பேரையும் எதிராளிகளாகப் போடலாம்.

சரி, வன்னிக்காரருக்கு இதில் எது பாரம்? இடம். வழக்கு உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் நீதிமன்றத்தில் அல்ல, எதிராளி இருக்கும் இடத்தில் அல்லது சம்பவம் நடந்த இடத்தில். பிள்ளை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ படித்திருந்தால் அங்கேயே, தமிழிலேயே நடக்கும், காலையில் போய்ப் பின்னேரம் வீடு திரும்பலாம். தெற்கிலோ மலைநாட்டிலோ என்றால் நீதிமன்ற மொழி சிங்களம். தமிழ் மொழிபெயர்ப்பு பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை தருகிறது, கேட்டு வாங்க வேண்டும். அத்தான் ஒவ்வொரு தவணைக்கும் முதல் நாள் இரவு பஸ் ஏறுகிறார். காலையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துக் கடையில் முகம் கழுவி, வேட்டி மாற்றி, எட்டரைக்கு வாசலில் நிற்பார். பதினொன்றரைக்கு, எதிராளி தரப்புச் சட்டத்தரணிக்கு சுகமில்லை, அடுத்த தவணை நாலு மாதத்தில் என்பார்கள். வருடக்கணக்கில் போகும் என்று தெரிந்துதான் இறங்க வேண்டும். தீர்ப்பு வந்தாலும் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் இருக்கிறது.

காசில்லாதவருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைக் காட்டினால் சட்டத்தரணியை அவர்களே தருவார்கள். வவுனியாவில் போய்க் கேட்டு, சம்பவம் நடந்த ஊர் நிலையத்துக்கு மாற்றச் சொல்லலாம்.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்பது, பிழையான முடிவை இரத்துச் செய்யவோ செய்ய வேண்டியதைச் செய்யவைக்கவோ பொருந்தும், உதாரணமாகப் பரீட்சை எழுதவிட மறுத்தால். நட்டஈட்டுக்கு அல்ல. அரச நிர்வாகம் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போவது இலவசம், ஆனால் அவருடைய முடிவும் பரிந்துரைதான். விடுதியில் கூலி வேலை செய்யும்போது அடிபட்ட தொழிலாளி என்றால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். அங்கே கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையால் வந்த காயம் என்றால் போதும்.

எதுவும் செய்யாமல் விடுவது

இதையும் ஒரு வழியாகவே பார்க்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் எடுப்பது இதைத்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "மார்க்கில கை வைப்பாங்கள்" என்ற பயம் எங்கள் பிள்ளைக்கும் இருந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி, அந்தச் சான்றிதழுக்காகத்தான் எல்லாம். எலும்பு பொருந்தி, செலவும் தாங்கக் கூடியதென்றால், உள்ளே கேட்டுப் பரீட்சையை வாங்கிக்கொண்டு படிப்பை முடிப்பது நியாயமான தீர்மானம்.

பயம் மட்டும்தான் தடை என்றால் நாள்கணக்கைப் பாருங்கள். கடைசி வருடப் பிள்ளைக்குப் படிப்பு முடிய 14 மாதம் இருந்தால், இரண்டு வருட எல்லைக்குள் பரீட்சை முடிந்த பிறகும் நட்டஈட்டு வழக்குப் போட நேரம் இருக்கிறது. என்ட்ரியும் மருத்துவ அறிக்கையும் தகவல் விண்ணப்பமும் யாருடைய கோபத்தையும் பெரிதாகக் கிளறாது, அவற்றைச் செய்துவைத்துவிட்டுக் காத்திருக்கலாம். முதலாம் வருடப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அடிப்படை உரிமை மனு யாருக்கும் காத்திருக்காது.

நான் எதைத் தேர்வேன் என்று அந்த மூன்று குடும்பங்களிடமும் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முதல் கிழமையில் என்ட்ரி, மருத்துவத் தாள்கள், படங்கள், கண்டவர்களின் பெயரும் போன் நம்பரும். இரண்டாம் கிழமையில் பதிவாளருக்குப் பிள்ளையின் பெயரில் கடிதமும் தகவல் விண்ணப்பமும். மூன்றாம் கிழமை முடிவதற்குள், பாகுபாடோ பழிவாங்கலோ வேண்டுமென்றே விட்டதோ இருந்தால் வவுனியா மனித உரிமைகள் அலுவலகம். இவை எல்லாம் பஸ் காசோடும் தபால் காசோடும் முடிகிறவை, ஒன்று மற்றதைத் தடுப்பதில்லை. பிறகு ஒரு வருடம் ஆகும்போது வைத்தியரிடம் கேளுங்கள்: இது முழுதாகச் சுகமாகுமா? ஆகும் என்றால் பேசித் தீர்க்கப் பாருங்கள். நிரந்தரக் குறை என்றால், மகப்பேற்றிலோ முதுமையிலோ அந்தக் கால் தொல்லை தரும் என்றால், நட்டஈட்டு வழக்கைப் போடுங்கள், ஒன்றரை வருடத்துக்கு மேல் தள்ளாதீர்கள். தூரத்து நீதிமன்றம் என்றாலும் போடுங்கள்.

நாங்கள் போட்டது ஒரு வருடமும் எட்டு மாதமும் கழித்து. இப்போது அவள் முல்லைத்தீவில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறாள். மழை நாளில் கணுக்கால் குத்துகிறது என்பாள், மாடிப்படியில் இடது கையால் பிடித்துத்தான் இறங்குவாள். போன தவணையில் முதல் முறையாக அவளே சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, மூடி உடைந்திருந்தது உங்களுக்கு முதலே தெரியுமா என்று கேட்டார். "எனக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்" என்றாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும் வரை நீதிபதி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார், பிறகு கொப்பிப் படத்தை வாங்கிப் பார்த்தார். அடுத்த தவணை ஆவணியில். அதற்கு விடுதிப் பொறுப்பாளருக்கு அழைப்பாணை போயிருக்கிறது.